இன்வேட்டர் மைக்ரோவேவ் அடுப்பு: வாங்குமுன் அறிந்துகொள்வோம்



கடந்த சில மாதங்களாகப் பெண்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு என்ற வழக்கமான பேச்சுகளோடு ஒரு புதுப் பேச்சும் சேர்ந்துவிட்டது. அது மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றியது. வெளிநாட்டு உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டு வருகிறார்கள். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து திரும்பிய சகோதரிகள் அங்கே பழகியதை இங்கேயும் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். கடைகளில் மாதத் தவணைக்கும் கொடுக்கிறார்கள். இப்போது அதனோடு "இன்வேட்டர்" என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

"இன்வேட்டர் என்றால் கரண்ட் போனாலும் வேலை செய்யுமா மிஸ்?" என்று உப்புவெளியில் ஓர் அக்கா கேட்டார். "கரண்ட் பில் பாதியாகக் குறையும் என்று கடையில் சொன்னாங்க" என்றார் இன்னொருவர். வேறொரு கிராமத்தில் ஓர் அம்மா கூட்டம் முடியும்வரை காத்திருந்து, எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டார். "என்ட இடுப்பில செல் துண்டு இருக்கு பிள்ளை. அந்த அடுப்புக்கு இரும்பு ஆகாது என்று சொல்றாங்க. நான் அதுக்குப் பக்கத்தில நிக்கலாமா?"

மூன்றும் நல்ல கேள்விகள். நான் படித்தது சமூகவியல். ஆகவே இந்தப் பொருளைப் பற்றிப் புத்தகங்களில் படித்தும், நகரில் மின்சாதனம் திருத்தும் ஒருவரிடம் கேட்டும் அறிந்தவற்றை நமது அடுப்படி மொழியில் இங்கே தருகிறேன்.

போரில் பிறந்த பொருள்

மைக்ரோவேவ் அடுப்பின் உயிர்நாடி மக்னெற்றன் என்ற சிறு கருவி. மின்சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளாக மாற்றுவது அதன் வேலை. சமையலுக்காக யாரும் அதை உருவாக்கவில்லை. 1940 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரன்டல், ஹரி பூட் என்ற இருவர் பலம் வாய்ந்த ஒரு புதுவகை மக்னெற்றனை இயக்கிக் காட்டினார்கள். எதிரியின் விமானத்தையும் கப்பலையும் தொலைவிலேயே கண்டுபிடிக்கும் ரேடாருக்காகவே அது செய்யப்பட்டது.

ரேடார் நமது ஊருக்குப் புதியதல்ல. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, இங்கிருந்த ரேடார் நிலையம் அவற்றை முன்கூட்டியே கண்டுகொண்டது. அன்று சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்த கதையைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்து ரேடார்கள் எல்லாவற்றிலும் இந்தப் புதிய மக்னெற்றன் இருக்கவில்லை. ஆனால் 1944 இல் நமது துறைமுகத்தில் தங்கிநின்ற பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் கப்பல்கள் பலவற்றில் அது இருந்தது. இன்று குசினி மேசையில் வைக்கும் பொருளின் இதயம், 80 ஆண்டுகளுக்கு முன்பே போர்க்கப்பல்களில் ஏறித் திருகோணமலைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அதை அடுப்பாக்கியவர் அமெரிக்காவின் பேர்சி ஸ்பென்சர். குழந்தைப் பருவத்திலேயே தகப்பனை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்து, பாடசாலைப் படிப்பை முடிக்காமலே வேலைக்குப் போனவர் இவர். ரேடாருக்கு மக்னெற்றன் செய்த ரேதியன் நிறுவனத்தில் வேலை செய்தபோது, சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகிப் போனதைக் கவனித்து, இதனால் உணவைச் சூடாக்கலாம் என்று கண்டார் என்பது வரலாறு. 1945 இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947 இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரம், ஏறக்குறைய 340 கிலோ எடை. மேசையில் வைக்கும் அளவுக்கு அது சிறுத்து வீடுகளில் பரவியது 1967 க்குப் பிறகுதான்.

பழைய வகை சூட்டைக் குறைக்கும் விதம்

மக்னெற்றன் வெளிவிடும் அலை ஒரு செக்கனில் 245 கோடி தடவை ஆடுகிறது. உணவில் உள்ள தண்ணீரின் மூலக்கூறுகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்பப் பார்த்து, ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த ஆட்டமே சூடாக மாறுகிறது. அலை உணவுக்குள் இறங்குவது பொதுவாக 1 முதல் 3 சென்ரிமீற்றர் ஆழம்வரைதான். அதற்கு உள்ளே இருப்பது வெளிப்பக்கச் சூடு மெல்ல மெல்லப் பரவித்தான் சூடாகும். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

மக்னெற்றனை இயக்க ஏறக்குறைய 4000 வோல்ற்று வேண்டும். நமது வீட்டுக்கு வருவதோ 230 வோல்ற்று. பழைய வகை அடுப்பில் கனமான இரும்பு டிரான்ஸ்போமர் ஒன்று அதை 2000 வோல்ற்று அளவுக்கு உயர்த்தும். பிறகு கப்பாசிற்றர் என்ற மின்சேமிப்பு உறுப்பு அதை இரட்டிப்பாக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. மக்னெற்றன் இயங்கினால் முழுப் பலத்தோடு இயங்கும். இல்லாவிட்டால் அணைந்து கிடக்கும். நடுநிலை கிடையாது.

அப்படியானால் "50 வீதம்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது என்ன செய்கிறது? 15 செக்கன் முழுப் பலத்தில் எரித்து, அடுத்த 15 செக்கன் அணைத்து விடுகிறது. பிறகு மீண்டும் எரிக்கிறது. கணக்குப் பார்த்தால் சராசரி பாதிதான். ஆனால் எரிகின்ற ஒவ்வொரு தடவையும் உணவு வாங்குவது முழு அடி.

விறகடுப்பில் நாம் சூட்டைக் குறைப்பது எப்படி? கொள்ளிக்கட்டையை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடுகிறோம். சட்டிக்குள் இருப்பது மெல்ல மெல்ல வேகும். பழைய மைக்ரோவேவ் அடுப்புக்குத் தணல் என்றால் என்னவென்று தெரியாது. கொழுந்துவிட்டு எரிய வைக்கும், தண்ணீர் ஊற்றி அணைக்கும், மறுபடி எரிய வைக்கும். அந்த அடுப்பு "ம்ம்" என்று இரைவதும், இடையில் அடங்குவதும், மீண்டும் இரைவதும் இதனால்தான்.

இன்வேட்டர் செய்யும் வேலை

இன்வேட்டர் அடுப்பில் அந்தக் கனமான இரும்பு டிரான்ஸ்போமர் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் இலத்திரனியல் பலகை இருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அது முதலில் ஒரே திசையில் ஓடும் நேரோட்டமாக மாற்றுகிறது. பிறகு ஒரு மின்னணு ஆளியால் செக்கனுக்கு 20,000 தடவைக்கு மேல் வெட்டி வெட்டி, மறுபடி ஆடலோட்டமாக்குகிறது. நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றுகின்ற இந்தச் செயலுக்குத்தான் இன்வேட்டர் என்று பெயர்.

ஏன் இவ்வளவு வேகம்? கிணற்றில் தண்ணீர் இறைப்பதை எண்ணிப் பாருங்கள். சிலமுறை மட்டும் இறைத்துத் தொட்டியை நிரப்ப வேண்டுமென்றால் பெரிய வாளி வேண்டும். பல்லாயிரம் முறை இறைக்க முடிந்தால் ஒரு சிறு கோப்பையே போதும். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவைதான் ஆடுகிறது. அதனால் பழைய டிரான்ஸ்போமர் பெரிய வாளியாக இருந்தது. இன்வேட்டர் வேகமாக ஆட்டுவதால் உள்ளங்கை அளவுச் சிறு டிரான்ஸ்போமர் போதும். இந்த அடுப்புகள் எடை குறைந்து, உள்ளே இடம் கூடியதற்குக் காரணம் இதுதான்.

முக்கிய நன்மை இனித்தான் வருகிறது. ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு நீளம் என்பதைப் பலகை கூட்டவோ குறைக்கவோ முடியும். அப்படிக் குறைக்கும்போது மக்னெற்றன் அணையாமல், குறைந்த பலத்தில் தொடர்ந்து இயங்குகிறது. 1000 வாற்று அடுப்பில் 50 வீதம் வைத்தால் ஏறக்குறைய 500 வாற்று இடைவிடாமல் கிடைக்கும். அதாவது தணல் கிடைத்துவிட்டது. ஆனால் மக்னெற்றனை ஓர் அளவுக்குக் கீழே சீராக ஓட்ட முடியாது. அதனால் மிகக் குறைந்த நிலைகளில் பல இன்வேட்டர் அடுப்புகளும் பழைய மாதிரி அணைத்து அணைத்தே எரிக்கின்றன.

முதற் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் இந்த அடுப்பு வேலை செய்யாது. மின்வெட்டு நேரத்தில் பற்றரியிலிருந்து மின்விசிறி ஓட்டும் பெட்டியையும் இன்வேட்டர் என்கிறோம். இரண்டும் செய்யும் மாற்றம் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பற்றரி உண்டு, அடுப்புக்குப் பற்றரி இல்லை.

சமையலில் தெரியும் வித்தியாசம்

சும்மா சோறு சூடாக்கவும் தேநீர் சூடாக்கவும் முழுப் பலத்தில்தான் வைப்போம். அதற்கு இரண்டு வகையும் ஒன்றுதான். சூட்டைக் குறைக்க வேண்டிய சமையலில்தான் வித்தியாசம் தெரியும்.

தேங்காய்ப்பால் கறியை எடுத்துக்கொள்வோம். முதற்பால் விட்டபின் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய அடுப்பில் 30 வீதம் வைத்தாலும், எரிகிற அந்தச் சில செக்கன்களில் சட்டியின் ஓரம் குமுறிக் கொதிக்கும், பால் திரியும். இன்வேட்டரில் 30 வீதம் என்றால் கொதிக்காமல் சூடேறும். சொதி, பாற்கஞ்சி, பருப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பருப்பு பொங்கி வழிந்து அடுப்புக்குள் ஊற்றுவதும் குறையும்.

அடுத்தது ஐஸ் மீன். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மீன் கிடைக்காது. அதனால் கிடைக்கும்போது வாங்கி ஐஸ்பெட்டியில் வைப்பவர்கள் நம்மில் பலர். உறைந்த ஐஸ் நுண்ணலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உருகிய தண்ணீரோ நன்றாக உறிஞ்சும். ஆகவே முதலில் உருகும் ஓரம் மேலும் மேலும் சூட்டை இழுத்து வெந்து போகும். நடு கல்லாகவே இருக்கும். குறைந்த பலத்தைச் சீராகக் கொடுத்தால், ஓரத்தின் சூடு நடுவுக்குப் பரவ நேரம் கிடைக்கும். அரைக் கிலோ பாரைத் துண்டுகளுக்கு 20 அல்லது 30 வீதத்தில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். பாதி நேரத்தில் திருப்பிப் போடுங்கள். முழுவதும் உருகும்வரை வைக்காமல் சற்று முன்பே எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் மீதி தானாக இளகும். உருக்கிய மீனை உடனே சமைத்துவிட வேண்டும்.

பிட்டு, இடியப்பம் சூடாக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, 50 அல்லது 60 வீதத்தில் வைத்தால் ரப்பர் போல இறுகாது.

இந்த அடுப்பால் முடியாதவையும் உண்டு. மீன் பொரிக்க முடியாது, தாளிக்க முடியாது. உணவில் உள்ள தண்ணீர் ஏறக்குறைய 100 பாகை செல்சியசைத் தாண்டாததால் பொன்னிறமாகச் சிவக்காது. முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். குழந்தையின் பாலை இதில் சூடாக்க வேண்டாம். போத்தல் குளிர்ந்தாற்போல் இருக்கும், நடுவில் உள்ள பால் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும்.

பழுதான உணவை எந்த அடுப்பும் நல்லதாக்காது. நாள் முழுக்க வெளியே கிடந்த சோற்றிலும், வெயிலில் கிடந்த சூரை, கெலவல்லா மீனிலும் உண்டாகும் நஞ்சுகள் சூடாக்கினாலும் போகாது. நல்ல உணவை மறுபடி சூடாக்கும்போது நடுவரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். இடையில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

பாத்திரம் கண்ணாடி அல்லது பீங்கானாக இருக்கட்டும். எவர்சில்வர் தட்டு, அலுமினியச் சட்டி, பொன்விளிம்புக் கோப்பை ஆகியவை பொறி பறக்கும். லன்ச் சீற்றையும் மெல்லிய பிளாஸ்ரிக் பெட்டியையும் வைக்க வேண்டாம். வாழையிலை பரவாயில்லை. உள்ளே ஒன்றுமில்லாமல் அடுப்பை ஓடவிட்டால் அலைகள் திரும்பி வந்து மக்னெற்றனையே கெடுக்கும்.

கரண்ட் பில் பாதியாகுமா?

ஆகாது. 1000 வாற்று வெப்பம் தரும் அடுப்பு சுவரிலிருந்து ஏறக்குறைய 1500 வாற்று இழுக்கும். இன்வேட்டர் வகை சற்றுக் குறைவாக இழுக்கலாம். அவ்வளவுதான். 50 வீதத்தில் பழைய அடுப்பு பாதி நேரம் முழுதாக இழுக்கும். இன்வேட்டர் முழு நேரமும் பாதியாக இழுக்கும். கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. "பில் பாதியாகும்" என்பது விற்பனைப் பேச்சு.

நாமே கணக்குப் பார்ப்போம். 1500 வாற்றில் இரண்டு நிமிடம் ஓடினால் 0.05 அலகு. நாளுக்கு 20 நிமிடம் ஓடினால் அரை அலகு, மாதத்துக்கு 15 அலகு. மாதம் 50 அலகு பாவிக்கும் வீடு 65 க்குப் போகும். பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுகின்ற படிமுறைதான் நமது கட்டணம். ஆகவே கூடுவது அந்த 15 அலகின் விலை மட்டுமாக இருக்காது. 2022 ஆகஸ்ற்றில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது எத்தனை வீடுகளில் மின்சாரம் துண்டிக்கப்படும் பயம் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதன்பின் கட்டணம் இறங்கியும் ஏறியும் இருக்கிறது. அதனால் உங்கள் கடைசி மூன்று மின்பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

தண்ணீர் கொதிக்க வைப்பதற்கு மின்கேத்தல்தான் சிக்கனம். ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கேத்தலில் 0.09 அலகு அளவு போதும். மைக்ரோவேவில் 0.13 அலகு அளவு போகும்.

மின்சாரத்தின் விலையைப் பேச நமது மாவட்டப் பெண்களுக்குத் தனி உரிமை உண்டு. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தபோது, அவர்களின் காணிகளில் அனல்மின் நிலையம் வருவதாகச் சொல்லப்பட்டது. 2016 இல் அந்த நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் சம்பூர் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் தரும் இடத்தில் வாழும் பெண், தன் வீட்டு மின்சாரத்தைப் பற்றி முழுதாக அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

பிளக், வோல்ற்றேஜ், பழுது

லண்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வரும் அடுப்பு நமது 230 வோல்ற்றுக்குப் பொருந்தும். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ற்றுக்குச் செய்தது. நேரே மாட்டினால் எரிந்துவிடும். வோல்ற்றேஜைக் குறைக்கும் பெட்டி வைத்தாலும், அங்கே மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை, இங்கே 50 தடவை. பழைய வகை டிரான்ஸ்போமர் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆகவே கனடாவில் இருக்கும் தம்பி கேட்டால் "அடுப்பு வேண்டாம், அந்தக் காசை அனுப்பு" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

1500 வாற்று என்றால் ஏறக்குறைய 6.5 அம்பியர். பழைய 5 அம்பியர் வட்டமுள் பிளக் பேஸ் இதைத் தாங்காது. சூடாகி உருகும். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் ஐஸ்பெட்டியும் அடுப்பும் மாட்டக் கூடாது. மீள்குடியேற்ற வீடுகள் சிலவற்றில் வயரிங் அவசரமாகச் செய்யப்பட்டது. ஏர்த் வயர் ஒழுங்காக இருக்கிறதா, ட்ரிப் சுவிச் விழுகிறதா என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்கம்ப வரிசையின் கடைசி வீடுகளில் பின்னேரம் வோல்ற்றேஜ் விழும். பழைய அடுப்பு அப்போது பலம் குறையும், இன்வேட்டர் ஓரளவு சமாளிக்கும். ஆனால் இடி மின்னலுக்கு இன்வேட்டர் பலகை எளிதில் பழுதாகும். பலகை போனால் செலவு அதிகம். மழை இருட்டினால் பிளக்கைக் கழற்றி வையுங்கள். எந்த வகையானாலும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் விட வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தை வைத்திருக்கக் கூடும்.

வாங்கிய அடுப்பு உண்மையிலேயே இன்வேட்டர்தானா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு கோப்பை தண்ணீருக்குள் மரக்கரண்டி ஒன்றைப் போட்டு, 50 வீதத்தில் இரண்டு நிமிடம் வைத்துக் காது கொடுங்கள். இரைச்சல் விட்டுவிட்டு வந்தால் பழைய வகை. ஒரே சீராக வந்தால் இன்வேட்டர்.

உடலில் செல் துண்டு உள்ளவர்களுக்கு

இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கும் சகோதரிகள் பலர் இருப்பீர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அடுப்புக்குள் வைத்த இரும்புதான் பொறி பறக்கும். அடுப்புக்கு வெளியே நிற்கும் உங்கள் உடலில் உள்ள துண்டை அது ஒன்றும் செய்யாது. காரணம் எளிது. அடுப்பின் உட்புறம் முழுவதும் உலோகச் சுவர். கதவுக் கண்ணாடியில் தெரியும் புள்ளி புள்ளியான வலையும் உலோகம். நுண்ணலையின் ஓர் அலை 12 சென்ரிமீற்றர் நீளம். வலையின் துளையோ ஓரிரு மில்லிமீற்றர். கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், அந்த அலை வராது. கதவைத் திறந்த உடனே மக்னெற்றன் அணைந்துவிடும். அணைந்தபின் அலை எதுவும் உள்ளே தங்காது, உணவிலும் தங்காது. ஊரில் சொல்வது போல உணவு "கதிர்வீச்சு" ஆகிவிடாது.

கதவு வளைந்திருந்தால், சரியாகப் பூட்டாவிட்டால், விளிம்பு துருப்பிடித்திருந்தால் அந்த அடுப்பைப் பாவிக்க வேண்டாம். இது செல் துண்டு உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொருந்தும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல் துண்டு உள்ளவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அது வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கான். அதில் உள்ள பலமான காந்தம் இரும்புத் துண்டை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். ஸ்கானுக்கு அனுப்பினால், கேட்காவிட்டாலும், "என் உடம்பில் செல் துண்டு இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த இடத்தில் என்று பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு போங்கள். அது எந்த ஆண்டில், எப்படிப் பட்டது என்ற கதையைச் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை. துண்டு இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் சோற்றுப் பார்சல் விற்கும் ஓர் அக்கா, தவணைக்கு இன்வேட்டர் அடுப்பு எடுக்கலாமா என்று கேட்டார். வள்ளம் கரைக்கு வரும் நேரம் சொல்ல முடியாது, சோறு ஆறிவிடுகிறது என்பது அவருடைய கவலை. இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். ஒரு பார்சலுக்கு இரண்டு நிமிடம். பத்துப் பேர் ஒன்றாக வந்தால் கடைசி ஆள் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். நாளுக்கு 20 பார்சல் என்றால் ஓர் அலகு, மாதத்துக்கு 30 அலகு. வீட்டுப் பாவனைக்குச் செய்த அடுப்பைக் கடையில் பாவித்தால் உத்தரவாதம் செல்லாது என்று பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் இருக்கும். ஏற்கனவே வாரக் கடன் கட்டுகிறார். கடைசியில் அவர் ஒரு பெரிய சூடு தாங்கும் பெட்டி வாங்கினார். அவருடைய தொழிலுக்கு அதுதான் சரி.

மூதூர்ப் பக்கம் இன்னொரு சகோதரி. போரில் ஒரு கையை இழந்தவர். கொதிக்கும் சட்டியை ஒரு கையால் இறக்குவது அவருக்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து. அண்ணன் கொடுத்த இன்வேட்டர் அடுப்பு அவருக்குப் பெரிய துணையாக இருக்கிறது. சட்டியைத் தூக்காமல் சிறு கண்ணாடிப் பாத்திரத்தில் பருப்பும் மரக்கறியும் மெல்ல வேக வைக்கிறார். பொங்கி வழியாததால் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. அடுப்பை இடுப்பு உயர மேசையில், பாத்திரத்தை இழுத்து வைக்க முன்னால் இடம்விட்டு வைத்திருக்கிறார். சக்கர நாற்காலி பாவிப்பவர்களுக்கும் இந்த யோசனை உதவும்.

சமூகவியல் வகுப்பில் நான் படித்த ஒரு கருத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை 1983 இல் ஒரு நூல் எழுதினார். வீட்டுக்கு இயந்திரம் வந்தபோதெல்லாம் வேலை குறையும் என்றார்கள், ஆனால் அம்மாவின் வேலை குறையவில்லை என்று அவர் அதில் காட்டினார். முன்பு வீட்டில் மற்றவர்களும் பங்கெடுத்த வேலைகள், இயந்திரம் வந்தபின் அவள் ஒருத்தியின் தலையில் விழுந்தன. நமது வீடுகளிலும் அப்படி நடக்கலாம். மகன் இரவு பத்து மணிக்கு வந்தால், "அடுப்பு இருக்குத்தானே, சூடாக்கித் தாங்கம்மா" என்று உங்களை எழுப்புவதற்காக இந்த அடுப்பு வரக்கூடாது. பொத்தானை அழுத்தப் பெண்ணின் கைதான் வேண்டும் என்று எந்த நிறுவனமும் எழுதி விற்கவில்லை. வந்த முதல் நாளே வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள். பத்து வயதுப் பையனும் தன் பிட்டைத் தானே சூடாக்கலாம், நீங்கள் ஒருமுறை பக்கத்தில் நின்று காட்டினால் போதும்.

எந்த அடுப்பு வந்தாலும் விறகடுப்பை இடித்துவிட வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, காஸ் வரிசையில் விடியற்காலை முதல் நிற்பு. அந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றியது மூன்று கல்தான்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதிப் பாருங்கள். இதில் நான் உண்மையில் என்ன சமைப்பேன்? என் வீட்டு வயரிங் தாங்குமா? மாதம் எத்தனை அலகு கூடும்? தவணை எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு? வெறும் சூடாக்கத்தான் என்றால் விலை குறைந்த சாதாரண அடுப்பே போதும். மெல்ல வேக வைக்கவும் மீன் உருக்கவும் வேண்டுமென்றால் மட்டும் இன்வேட்டருக்குக் கூடுதல் காசு கொடுங்கள். தாளைப் பார்த்தபின் "இப்போது வேண்டாம்" என்று முடிவெடுத்தால், அதுவும் நல்ல முடிவுதான்.

உங்கள் வீட்டில் உள்ள வேறு மின்சாதனங்கள் பற்றிய கேள்விகளையும் எழுதுங்கள். எழுதச் சிரமமென்றால் உங்கள் குழுத் தலைவியிடம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த இதழில் மின்பட்டியலை வாசிப்பது எப்படி என்று பார்ப்போம்.